செலவுத்தொகையுடன் தள்ளுபடி

நீதி ஒரு மலை. ஆட்சிகள் வரும், போகும்; மன்னர்கள் மண்ணாவார்கள்; காற்றுக்கும் மழைக்கும் அசையாமல் அந்த மலை மட்டும் நிற்கும். தற்சமயம் அது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் நிற்கிறது. லிஃப்ட் வேலை செய்யாது. பலத்த மழை பெய்தால் படிக்கட்டில் தண்ணீர் ஏறிக்கொள்ளும். அன்று மலைக்கு விடுமுறை.

மெத்தைக் கடையின் பெயர்ப்பலகையைவிட ஒரு முழம் பெரிதாக மேலே இன்னொரு பலகை இருந்தது. 'லோகநாதன் & பார்ட்னர்ஸ், சட்ட நிறுவனம். 26 ஆண்டு அனுபவம்.' வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. இது விளம்பரமே இல்லை, வெறும் முகவரிதான் என்பார் லோகநாதன். அந்த முகவரி இருட்டியதும் நீலமும் சிவப்புமாக மாறி மாறி எரியும். பார்ட்னர்கள் யார் என்று கேட்டால், "டெல்லில இருக்காங்க" என்பார். ஒருவர் அவருடைய மனைவி, இன்னொருவர் மனைவியின் தம்பி, அவர் திருநின்றவூரில் கேட்டரிங் நடத்துகிறார் என்று கீழே மெத்தைக் கடையில் சொன்னார்கள்.

இந்த மலையைத் தேடி பட்டாபிராமில் ரயிலேறி வந்தவள் தேவிப்பிரியா. சட்டம் படித்து முடித்து, வக்கீலாகப் பதிவும் செய்துவிட்டாள். மாஜிஸ்திரேட் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பரீட்சையில் உட்கார மூன்று வருடம் வக்கீல் தொழில் பார்த்திருக்க வேண்டும். பார்த்தாள் என்று, தொழிலில் பத்து வருடமாவது ஆன ஒரு சீனியர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆக, அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சீனியர். பத்து வருடத்துக்குக் குறையாத சீனியர்.

இதுவரை மூன்று ஆபீஸ்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. மூன்றும் ஒரே காரணத்துக்காக. மூட் கோர்ட் பாடத்தில் அவளுக்கு நாற்பத்திரண்டு மார்க்.

மூட் கோர்ட் என்பது கல்லூரிக்குள் நடக்கும் பொய் வழக்கு. மாணவர்கள் வக்கீல்களாக நடிப்பார்கள். வெளியிலிருந்து வரும் விருந்தினர் ஒருவர் நீதிபதியாக நடிப்பார். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்து நின்று இரண்டு தடவை 'மை லார்ட்' என்று சொன்னால் எழுபத்தைந்து நிச்சயம். மூன்றாவது 'மை லார்டு'க்கு எண்பது. அந்தப் பாடத்தில் நாற்பத்திரண்டு வாங்குவதற்கு, நீதிபதியைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்க வேண்டும் என்று ஆவடி வக்கீல் ஒருவர் அவளிடமே அபிப்பிராயப்பட்டார். மற்றப் பாடங்களில் எழுபதுக்குக் குறையாமல் வாங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. புதுச் சட்டையில் விழுந்த சாம்பார் மாதிரி எல்லோர் கண்ணும் நேராக அங்கேதான் போயிற்று.

"இதுவும் ஆகலன்னா திங்கக்கெழம எக்ஸ்போர்ட் கம்பெனில எச்.ஆர். வேலைல சேர்ந்துரு" என்று அப்பா சொல்லியிருந்தார். அங்கே மார்க் கேட்க மாட்டார்கள். மூன்று வருடமும் கிடைக்காது.

முந்தைய நாள் தோழி ரோஷினி போனில் பாடம் எடுத்தாள். "மார்க்கப் பத்திக் கேட்டா காய்ச்சல்னு சொல்லாத. எல்லாரும் அதான் சொல்றாங்க. அந்த அனுபவம் என்னைச் செதுக்கிச்சுன்னு சொல்லு."

"என்ன செதுக்கிச்சுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்கடி. அவ்ளோ யோசிக்கறவன் ஆபீஸ் வெச்சு நடத்துவானா?"

உண்மைக் காரணத்தைச் சொல்லலாமே என்று தேவிப்பிரியா கேட்டதற்கு, "அத மட்டும் சொல்லாத, யாரும் நம்ப மாட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் ரோஷினி.

மாடியில் முன்னறையில் இரண்டு பேர் இருந்தார்கள். பெஞ்சில் ஒரு நடுத்தர வயது அம்மாள், காலை மடக்கி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால், கழுத்தை இறுக்கும் டையோடு, விஷால்.

விஷால் அவளுடைய வகுப்பில் படித்தவன். அவளைப் பார்த்ததும் அவன் முகம் துவைத்த துணி மாதிரி வெளுத்தது.

"ஏய் தேவி, நீ எங்க இங்க?"

"இன்டர்வியூ. நீ?"

"ஜூனியர் அசோசியேட்" என்றான். அதைச் சொல்லும்போது நிமிர்ந்தவன், அடுத்த கணமே மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "உள்ள யாருன்னு தெரியாதா உனக்கு? தெரியாம வந்தியா?"

"லோகநாதன்னு ஒரு சீனியர். இருபத்தாறு வருஷம்னு போட்டிருக்கே."

"பாரு, நீ உள்ள போ, வா. ஆனா அந்த மூட் கோர்ட் மேட்டர மட்டும் பேசாத. உன் கால்ல வேணா விழறேன்."

"நீயும் வாய்தாவா கண்ணு?" என்று பெஞ்சிலிருந்து அம்மாள் கேட்டார். "குந்து. நான் கார்த்தால வந்தவ. இன்னும் கூப்புடல."

கூப்பிட்டது தேவிப்பிரியாவைத்தான்.

உள்ளறையில் லோகநாதனின் நாற்காலி ஒரு மரமேடைமேல் இருந்தது. எதிரே இருந்த நாற்காலியின் கால்களை யாரோ கொஞ்சம் அறுத்திருந்தார்கள். வந்தவர்கள் அண்ணாந்துதான் பேச முடியும். ஒரு சுவர் முழுக்கத் தீர்ப்புத் தொகுப்புகள், கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை கிழியாமல். எதிர்ச் சுவரில் மாங்காட்டுப் பக்கத்து மனைப்பிரிவு ஒன்றின் வரைபடம், ஃபிரேம் போட்டு. விற்றுப்போன மனைகளுக்கெல்லாம் சிவப்பு மை.

லோகநாதனின் பெரிய மீசையைப் பார்த்ததும் தேவிப்பிரியாவுக்கு விஷால் வெளுத்ததன் காரணம் புரிந்தது. பெயர் அவள் நினைவில் தங்கியிருக்கவில்லை. மீசை தங்கியிருந்தது.

அவருக்கு அவளை நினைவில்லை.

"நாப்பத்திரெண்டு" என்றார் லோகநாதன். வணக்கத்தை வாங்கிக்கொள்ளவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

"சார்?"

"மார்க்கச் சொல்றேன். மூட் கோர்ட்ல நாப்பத்திரெண்டு. எனக்குச் சுகரே நூத்தி எழுபது இருக்கும்மா. உனக்கு மார்க்கு நாப்பத்திரெண்டா?"

"மத்ததெல்லாம் எழுபதுக்கு மேல சார். ஒப்பந்தச் சட்டத்துல எழுபத்தொம்பது—"

"கிச்சன் ஒழுகுதேன்னு கேட்டா, பால்கனியப் பாருங்க, காத்து எப்படி வருதுன்னு சொல்றவன் புரோக்கரு. நீ புரோக்கரா, வக்கீலா?"

"வக்கீல் சார்."

"அப்ப கிச்சனப் பத்திப் பேசு."

தேவிப்பிரியா ரோஷினியின் மருந்தை எடுத்தாள். "அந்த அனுபவம் என்னைச் செதுக்கிச்சு சார்."

"செதுக்கிச்சா? நாப்பத்திரெண்டு வரைக்கும் செதுக்கிட்டா மிச்சம் என்னம்மா இருக்கும், பல்லு குத்தவா?" லோகநாதன் தன் ஜோக்குக்குத் தானே ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, சிரிப்பை வெடுக்கென்று நிறுத்தினார். "என்ன கத்துக்கிட்ட? சொல்லு, கேக்கறேன்."

அவ்வளவு யோசிக்கிறவர்களும் ஆபீஸ் வைத்து நடத்தத்தான் செய்கிறார்கள். ரோஷினி இதற்கு மருந்து தரவில்லை.

"உடம்பு சரியில்லையா? தாத்தா செத்துட்டாரா? போன வாரம் ஒருத்தன் வந்தான், ஒரே செமஸ்டர்ல அவனுக்கு மூணு தாத்தா. நீயும் சொல்லிப் பாரு."

"தாத்தா நல்லாருக்காரு சார்."

"அப்ப தப்பு உன்மேலதான். விஷால்! உள்ள வா!"

கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்ததால் விஷால் உடனே வந்தான்.

"உன் மூட் கோர்ட் மார்க் எவ்ளோ?"

"எம்பத்திநாலு சார்."

"வாய்க்குள்ள சொல்லாத. இவங்க காதுல விழணும்."

"எம்பத்திநாலு சார்" என்று விஷால் தன் ஷூவைப் பார்த்துச் சொன்னான்.

"கேட்டுக்கோ. அந்த எம்பத்திநாலப் பார்த்துத்தான் இவன எடுத்தேன். வேற ஒரு கேள்வி கேக்கல. நல்ல சைட்டுக்கு மண்ணு பரிசோதனை எதுக்கு?"

அந்த எண்பத்து நான்கு எப்படி வந்தது என்பது தேவிப்பிரியாவுக்குத் தெரியும். அன்று விஷால் எழுந்து நின்று, "என் நண்பர் சொன்ன வாதத்தையே நானும் சொல்கிறேன், மை லார்ட்" என்றான். உட்கார்ந்தான். அந்த நண்பர் அப்போது பாத்ரூமில் இருந்தார். எந்த வாதத்தையும் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்தும் சொல்லவில்லை.

"உனக்கு அந்த மார்க்கப் போட்டாரே ஒரு மனுஷன்" என்று லோகநாதன் தொடர்ந்தார், "அவரத்தான் நான் பாராட்டுவேன். காலேஜு, பொம்பளப் புள்ளன்னு இரக்கப்பட்டு எம்பது போட்டுட்டுப் போயிருக்கலாம். போடல பாரு. அதான் அனுபவம். பார்த்த மாத்திரத்துல இது தேறாதுன்னு கண்டுபுடிச்சிருக்காரு. அப்பேர்ப்பட்டவர் கையப் புடிச்சுக் கும்புடணும் நீ."

"கும்புட்டேன் சார். கடைசில குரூப் போட்டோ எடுக்கறப்ப."

"நல்லது. யாரு அவரு? ஹைகோர்ட் ஆளா?"

விஷால் இருமினான். நெஞ்சிலிருந்து வந்த இருமல் இல்லை அது, வேண்டுதல்.

இப்போது இரண்டு வழிகள் இருந்தன. பேர் மறந்துபோச்சு சார் என்று சொன்னால் இந்த வேலை கிடைக்காது. உண்மையைச் சொன்னாலும் கிடைக்காது. இரண்டாவதில் கொஞ்சம் ஆறுதலாவது இருந்தது.

"நீங்கதான் சார்" என்றாள் தேவிப்பிரியா.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏ.சி. சுவரில்தான் இருந்தது, அதற்குக் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை.

ஒரு மனிதர் வெட்கப்படுவதற்குப் போதுமான நேரம் கழிந்தது. லோகநாதன் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார், நினைவைத் தேடினார். தேடியது கிடைத்ததும் மீசை மலர்ந்தது.

"நாய் கேஸு!" என்றார். "பூந்தமல்லி தாண்டி, அந்த காலேஜு! நீ நாய்க்காரன் பக்கம்!"

"ஆமா சார்."

அது இப்படி ஒரு வழக்கு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம், இனி யாரும் நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போடுகிறது. ஏற்கெனவே நாய் வைத்திருக்கும் ஒருவர் அது செல்லாது என்று மனுப் போடுகிறார். மனுதாரர் பக்கம் பாதி வகுப்பு, சங்கத்தின் பக்கம் மீதி வகுப்பு. யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்து மார்க் போட வேண்டும். வழக்கில் யார் ஜெயிக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. இந்த விவரத்தை அச்சடித்து ஒரு தாளில் லோகநாதனிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வாதம் முடிந்ததும் அவர் எழுந்து, தீர்ப்பை ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டு வந்து வெகுநேரம் தீர்ப்புச் சொன்னார். மனு தள்ளுபடி. பிறகு உட்கார்ந்து, தோற்ற பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே மார்க்கும், ஜெயித்த பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே மார்க்கும் போட்டார். கல்லூரிக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரி நிலத்தை முடித்துக் கொடுத்ததே லோகநாதன்தான்.

"நல்ல தீர்ப்பு அது" என்றார் இப்போது, நாற்காலியில் சாய்ந்து. "உங்க பக்கத்துக்கு நாப்பத்தேழுதான் போட்டேன். அப்புறம் அஞ்சு கொறச்சேன்."

"அது ஏன் சார்?" அவள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

"செலவுத்தொகை. வெறும் தள்ளுபடி இல்ல, செலவுத்தொகையுடன் தள்ளுபடி. கோர்ட்டு நேரத்த வீணாக்கினதுக்கு."

"சார், மூட் கோர்ட்ல பேசறதுக்குத்தான் மார்க்கு. கேஸ் தோத்ததுக்குக் கொறைக்கக் கூடாது."

"தோத்த டீமுக்குக் கப்பு தருவானா எவனாச்சும்?"

"விஷால் ஒரு வார்த்தகூடப் பேசல சார். அவனுக்கு எம்பத்திநாலு."

"அவன் கட்சிக்காரன் ஜெயிச்சானா இல்லையா?"

"கட்சிக்காரனே கெடையாது சார், நாயும் கெடையாது! பொய் கேஸு அது!"

லோகநாதன் கோபப்பட்டால் அவருடைய தமிழ் டெல்லியிலிருந்து இறங்கி நேராக அயப்பாக்கம் வந்து நிற்கும். "இன்னாம்மா ஓவரா பேசிகினு கீற? பொய் கேஸா இருந்தா பொய்த் தீர்ப்பா தர முடியும்? நாயில்லாத ஃபிளாட்டுதான் வெல போவும், தெரியுமா உனக்கு? தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அத நானே நெனச்சாலும் மாத்த முடியாது. நாப்பத்திரெண்டு வாங்கினவங்கள நான் எடுக்கறதில்ல. கெளம்பு."

"அந்த நாப்பத்திரெண்டப் போட்டதே நீங்கதான் சார்."

"யார் போட்டா இன்னா? மார்க்கு மார்க்குதான். கெளம்பு."

தேவிப்பிரியா கிளம்பத் தயாராகிவிட்டாள். வேலை போய்விட்டது, எச்.ஆர். வேலை திங்கட்கிழமை காத்திருந்தது. இழக்க ஒன்றுமில்லாத நேரத்தில் ஒருவருக்கு வரும் தெளிவு அவளுக்கும் வந்தது. அந்த மேடையையும் உயர்ந்த நாற்காலியையும் பார்த்தாள். இந்த மனிதருக்கு எது பிடிக்கும் என்பது தெரிந்தது.

"மாத்த முடியாதுன்னா சரி" என்றாள். "மறுசீராய்வு கேக்கலாமே. மனு வாய்மொழியா இப்பவே போடறேன். கனம் நீதிபதி அவர்கள் விசாரிக்கணும்."

'கனம்' என்ற சொல் லோகநாதனுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. அவர் மறுக்க வாயைத் திறந்தார். வாய் மூடிக்கொண்டது. கை தானாக நீண்டு, நாற்காலி முதுகில் தொங்கிய கோட்டை எடுத்தது.

"விஷால்" என்றார், கோட்டுக்குள் கையை நுழைத்தபடி. "கதவத் தொற. ஓப்பன் கோர்ட்டு. எதிர்மனுதாரருக்கு நீ ஆஜராகு."

"சார், நான் வந்து..."

"மை லார்ட்!"

"மை லார்ட்" என்றான் விஷால், அழுகிற குரலில்.

திறந்த கதவு வழியாக, முன்னறை அம்மாள் வேர்க்கடலையோடு எட்டிப் பார்த்தார். திறந்த நீதிமன்றம் என்பதால் யாரும் அவரைத் தடுக்க முடியவில்லை.

தேவிப்பிரியா பேசினாள். போன வருடம் பேசியதையே பேசினாள். இந்தத் தடவை கோபம் சேர்ந்திருந்ததால் நன்றாக வந்தது. சங்கம் பதிவானதற்கு முன்பே நாய் அந்த வீட்டில் இருந்தது, ஆகவே சங்கத்தைவிட நாய்தான் சீனியர் என்றாள். பின்னால் போட்ட தீர்மானம் முன்னால் வந்த நாயை எப்படிக் கட்டுப்படுத்தும்? தீர்மானம் போடுமுன் நாய்க்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்காமலே ஒருவருடைய உரிமையைப் பறிக்க இது என்ன தண்ணி லாரி வரிசையா?

"முடிஞ்சுதா?" என்றார் நீதிபதி.

"இன்னொண்ணு இருக்கு, மை லார்ட். போன தடவ தீர்ப்புச் சொல்றப்ப, 'மாங்காட்டுல என் அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கு நான்தான் தலைவர், நாய்த் தொல்ல எனக்குத் தெரியும்'னு நீங்களே சொன்னீங்க. தனக்குச் சம்பந்தப்பட்ட விவகாரத்த ஜட்ஜ் விசாரிக்கவே கூடாது. முதல் வருஷப் பாடம். அதுல எனக்கு எழுபத்தாறு."

லோகநாதன் பேனா மூடியைக் கடித்தார். "எதிர்மனுதாரர் என்ன சொல்றீங்க?"

விஷால் ஓரடி முன்னால் வந்தான். "என் நண்பர் சொன்ன வாதத்தையே நானும்..."

"எந்த நண்பர்?"

விஷால் திரும்பிப் பார்த்தான். பின்னால் மனைப்பிரிவு வரைபடம்தான் இருந்தது. "வாய்தா வேணும், மை லார்ட்" என்றான்.

"ஐயே!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வேர்க்கடலைத் தோல் சிதற அம்மாள் உள்ளே வந்துவிட்டார். பெயர் வடிவு, கொரட்டூர் ஏரிக்கரை ஓரம் ஆறேழு தலைமுறையாக இருக்கும் குடும்பம். பக்கத்து வீட்டுக்காரன் மாடிப்படியை வடிவின் இடத்தில் இறக்கிக் கட்டியதற்கு லோகநாதன்தான் அவருடைய வக்கீல். "எங்க கேசுலயும் இவன் இதையேதான் சொல்லிகினு கீறான் நைனா! ஜட்ஜு கேப்பாரு, இவன் எய்ந்து வாய்தாம்பான், குந்திக்குவான். நான் ஊட்டுக்குப் போய்ப் பாத்தா அந்தக் கம்மனாட்டி இன்னொரு படி கட்டிகினு கீறான்!"

"வடிவம்மா, கோர்ட்டு நடக்குது. வெளில இருங்க."

"இன்னா கோர்ட்டு? நாய்க்கே இம்மாம் பேசுது இந்தப் பொண்ணு. எனக்குப் பேசாதா? என் கேச இதுங்கைல குடு வக்கீலே. இல்லாங்காட்டி கேஸ் கட்டக் குடு, நான் வேற ஆளாண்ட போறேன்."

வடிவின் குடும்பத்துக்குக் கொரட்டூரில் இன்னும் விற்காத இடம் உண்டு. இந்தச் செய்தியைச் சட்டம் மறந்தாலும் லோகநாதன் மறக்கக் கூடியவர் இல்லை. அவர் கண்ணை மூடினார். தீர்ப்பை ஒத்திவைப்பதாகச் சொன்னார். தண்ணீர் குடித்தார். பிறகு, ஒத்திவைத்த தீர்ப்பைச் சொன்னார்.

"மறுசீராய்வு மனு ரொம்பத் தாமதமா வந்திருக்கு. ஒரு வருஷம் தூங்கிட்டு வந்து கேட்டா முடியாது. தள்ளுபடி. செலவுத்தொகையுடன் தள்ளுபடி. கீழ போயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரணும் மனுதாரரு."

"எனக்குச் சக்கர தூக்கலா" என்றார் வடிவு.

"நாப்பத்திரெண்டு நாப்பத்திரெண்டாவே இருக்கட்டும்" என்று லோகநாதன் விரலை நீட்டினார். "அத நான் மன்னிக்கல. ஆனா திங்கக்கெழமலேர்ந்து வா. வடிவம்மா கேஸ நீ பாரு."

தேவிப்பிரியா நகரவில்லை. "மூணு வருஷம் இருப்பேன் சார். முடிஞ்சதும் மாஜிஸ்திரேட் பரீட்சைக்கு நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். அதுக்குச் சரின்னாத்தான் வருவேன்."

"மூணு என்ன, முப்பது வருஷத்துக்கு வேணாலும் போடறேன். ஆவடிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் இந்தக் கையெழுத்துக்கு இருக்கற மதிப்பு உனக்குத் தெரியாது."

டீ வாங்கப் போகும் வழியில் படிக்கட்டிலிருந்தே அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். எச்.ஆர். வேலை வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிடச் சொன்னாள். "பெரிய சீனியர்ப்பா. இருபத்தாறு வருஷம்" என்றாள். அப்பா அந்த எண்ணைப் பக்கத்தில் யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது. உடனே கம்பெனிக்குச் சொல்லியும்விட்டார்.

திரும்பி வந்தபோது லோகநாதன் தீர்ப்பை டைப் அடித்துத் தரச் சொன்னார். ஃபிரேம் போட்டு மாட்டப் போகிறாராம், வரைபடத்துக்குப் பக்கத்தில். விஷாலுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. அதனால் தேவிப்பிரியா தன் மனுவைத் தள்ளுபடி செய்யும் தீர்ப்பைத் தானே டைப் அடித்தாள். லோகநாதன் நடந்தபடி சொல்லச் சொல்ல, 'கனம் நீதிபதி' என்பது நான்கு இடத்தில் வந்தது. வடிவு டீயை உறிஞ்சிக்கொண்டு, நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். லோகநாதன் அடுத்த பத்திக்குப் போனார்.

கையெழுத்துப் போடும் இடம் வந்தது. வக்கீல்கள் கையெழுத்தின் கீழே தங்கள் பதிவு எண்ணையும் பதிவுசெய்த வருடத்தையும் போடுவது வழக்கம்.

"உங்க பதிவு நம்பர் சார்?" என்றாள் தேவிப்பிரியா.

"அது எதுக்கு இதுல?" என்றார் லோகநாதன். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சார்" என்றபடி முன்னறைக்குப் போய்விட்டார்.

விஷாலுக்கு அந்த எண் மனப்பாடம். தினமும் வாய்தா மனுவில் எழுதுகிறவன். மெதுவாகச் சொன்னான். கடைசியில் வருடத்தையும் சொன்னான். தேவிப்பிரியாவின் விரல் நின்றது. சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"மீதி இருபது வருஷம் மனை வித்தாரு" என்றான் விஷால். "பத்திரம், பட்டா எல்லாம் சட்டம்தானேன்னு அதையும் சேர்த்துப் பலகைல போட்டுட்டாரு."

லோகநாதன் வக்கீலாகி ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடம் கழித்து ஒன்பது ஆகும்.